முகம் காணாத வகுப்பறை

வகுப்பில் பாடம் நடத்திப் பழகிய எவரையும் கேட்டுப் பாருங்கள். பாடம் மாணவர்களுக்குப் புரிகிறதா இல்லையா என்பதை எப்படி அறிகிறீர்கள் என்றால், தேர்வுத் தாளைப் பார்த்து என்று பெரும்பாலோர் சொல்ல மாட்டார்கள். முகத்தைப் பார்த்து என்பார்கள். கடைசி வரிசையில் ஒருவன் புருவத்தைச் சுருக்குகிறான். இன்னொருத்தி எழுதுவதை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் இருப்பவளின் நோட்டை எட்டிப் பார்க்கிறாள். ஆசிரியர் உடனே சாக்குக் கட்டியை எடுத்து அதே கணக்கை வேறு வழியில் போடத் தொடங்குகிறார். ஒரு மணி நேரத்தில் இந்தக் கொடுக்கல் வாங்கல் எத்தனையோ முறை நடக்கிறது. நடப்பதை யாரும் கவனிப்பதில்லை, ஆசிரியர் உட்பட.

அந்த முகங்களை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? 2020ஆம் ஆண்டில் கொரோனா நோய் பரவிக் கல்லூரிகள் மூடப்பட்டபோது, உலகெங்கும் இலட்சக் கணக்கான ஆசிரியர்கள் சில நாட்களுக்குள் இந்தக் கேள்வியை எதிர்கொண்டார்கள். ஆனால் கேள்வி புதியதன்று. அதற்கு அறுபது ஆண்டு வரலாறு உண்டு. அந்த வரலாற்றைப் பெரும்பாலும் பொறிகளின் வரலாறாகவே எழுதுகிறார்கள். இந்த ஆண்டில் இந்தக் கணிப்பொறி வந்தது, அந்த ஆண்டில் அந்த இணைப்பு வந்தது என்பதோடு நின்று விடுகிறார்கள். பொறியின் முன் அமர்ந்த பல்கலைக் கழக ஆசிரியர் எதை விரும்பினார், எதற்கு அஞ்சினார் என்பதை நாம் பார்ப்போம்.

பிளேட்டோ என்னும் பொறி

கதை அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக் கழகத்தில் தொடங்குகிறது. அங்கே 1960ஆம் ஆண்டில் டொனால்ட் பிட்சர் என்னும் மின்பொறியாளர், ஓர் அறையையே அடைத்துக் கொண்டிருந்த இல்லியாக் என்னும் கணிப்பொறியோடு ஒரு தொலைக்காட்சித் திரையையும் சில பொத்தான்களையும் இணைத்தார். கிரேக்க அறிஞரின் பெயர் வருமாறு அதற்குப் பிளேட்டோ என்று பெயர் வைத்தார்கள். முதலில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாணவர்தான் அதில் படிக்க முடியும். திரையில் ஒரு கேள்வி வரும். விடை தெரியாவிட்டால் உதவிப் பொத்தானை அழுத்தலாம். பொறி அவரைப் பக்கவழியாக அழைத்துச் சென்று எளிய படிகளைக் காட்டிவிட்டு மீண்டும் பழைய கேள்விக்கே கொண்டு வந்து விடும்.

1972இல் வந்த நான்காம் பிளேட்டோ மிகவும் வளர்ந்த அமைப்பு. அதன் திரை ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்ந்தது. இரு கண்ணாடித் தகடுகளுக்கு இடையே நியான் வாயுவை அடைத்து, குறுக்கும் நெடுக்குமாக மின்கம்பிகளை ஓட்டிச் செய்த பிளாஸ்மா திரை அது. 1964இல் இதே திட்டத்துக்காகவே பிட்சரும் அவருடைய துணைவர்களும் அதைக் கண்டுபிடித்தார்கள். ஒரு புள்ளியை ஒருமுறை ஏற்றினால் அணைக்கும்வரை அது தானே எரிந்து கொண்டிருக்கும் என்பது அதன் சிறப்பு. ஆகவே படத்தை மீண்டும் மீண்டும் அனுப்ப வேண்டியதில்லை. சாதாரணத் தொலைபேசிக் கம்பியின் சிறிய தாங்குதிறனே போதும். விரலால் திரையைத் தொட்டும் விடை சொல்லலாம். இன்று நம் சட்டைப் பையில் கிடக்கும் தொடுதிரைக்கு இதுவும் ஒரு முன்னோடி.

ஆசிரியர்கள் இதை எப்படி ஏற்றார்கள்? எதிர்பார்ப்பதைவிட நன்றாகவே ஏற்றார்கள் எனலாம். காரணம், பாடத்தை எழுதியவர்கள் அவர்களே. 1967இல் பால் டென்சார் என்னும் உயிரியல் மாணவர் டியூட்டர் என்ற எளிய கணிப்பொறி மொழியை உருவாக்கினார். பொறியியல் அறியாத வேதியியல் ஆசிரியரும் அதைக் கற்றுக் கொண்டு, திரையிலேயே ஒரு வாலை வடிப்பை நடத்திக் காட்டினார். பழ ஈக்களைக் கலப்பினம் செய்து தலைமுறை தலைமுறையாக எண்ணும் மரபியல் பாடமும் இருந்தது. உண்மையான ஈக்களுக்கு வாரக் கணக்கில் காத்திருக்க வேண்டும், திரை ஈக்களுக்கு ஒரு மணி நேரம் போதும். 1970களின் நடுவில் கல்வித் தேர்வுப் பணி நிறுவனம் சில கல்லூரிகளில் பிளேட்டோவை மதிப்பிட்டது. மாணவர்களின் தேர்ச்சியில் ஒரே சீரான ஏற்றம் எதுவும் தெரியவில்லை. ஆனாலும் அதைப் பயன்படுத்திய ஆசிரியர்கள் விரும்பினார்கள். எந்தப் பாடத்தை, எவ்வளவு நேரம், எப்போது என்பதெல்லாம் அவர்கள் கையிலேயே இருந்தன. விருப்பத்துக்கு முதற் காரணம் திரையின் அழகைவிட இதுவே என்பது என் எண்ணம். பின்னால் நடந்தவற்றைப் பார்த்தால் வாசகரும் ஒப்புக்கொள்வார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1973இல் டேவிட் வூலி என்ற பதினேழு வயது இளைஞர், பொறியில் காணும் பிழைகளைக் குறித்து வைப்பதற்காக அதற்குள் ஒரு குறிப்பேடு அமைத்தார். சில காலத்திற்குள் அது பிழைப் பட்டியலாக மட்டும் இருக்கவில்லை. மாணவரும் ஆசிரியரும் கண்ட பொருளைப் பற்றியெல்லாம் அதில் எழுதி வாதிட்டார்கள். தனியாக உட்கார்ந்து படிப்பதற்கென்று செய்த பொறியில், ஆட்கள் முதலில் தேடியது மற்ற ஆட்களை.

லா ஹோயாவில் மௌனம்

மாணவருக்கும் ஆசிரியருக்கும் இடையே கணிப்பொறி பேச்சுப் பாலமாக மட்டும் நின்ற முதல் முயற்சிகளில் ஒன்று 1982 ஜனவரியில் தொடங்கியது. கலிபோர்னியாவின் கடலோர ஊரான லா ஹோயாவில் மேற்கத்திய நடத்தை அறிவியல் நிறுவனம் என்ற ஒன்று இருந்தது. தொழில் நிறுவனங்களின் உயர் அலுவலர்களுக்காக அது இரண்டாண்டுப் பயிற்சி ஒன்றை ஏற்பாடு செய்தது. அலுவலர்கள் அவ்வப்போது லா ஹோயாவில் சில நாட்கள் கூடுவார்கள். பின் அவரவர் ஊருக்குத் திரும்பி, வீட்டிலிருந்தே கணிப்பொறி மூலம் படிப்பார்கள். அவர்கள் எழுதுவதெல்லாம் அமெரிக்காவின் மறு கரையில், நியூ ஜெர்சி தொழில்நுட்பக் கழகத்தின் கணிப்பொறியில் சேர்ந்து கொண்டிருக்கும். தொலைபேசிக் கம்பிவழி ஒரு நொடிக்குச் சுமார் 30 எழுத்துகள்தாம் போகும். இந்தப் பக்கத்திலுள்ள ஒரு பத்தி திரையில் வந்து சேர அரை நிமிடத்துக்கு மேல் ஆகும் என்றால் வேகத்தை ஊகித்துக் கொள்ளுங்கள்.

ஹார்வர்டு, யேல், கலிபோர்னியா போன்ற புகழ்பெற்ற பல்கலைக் கழகங்களிலிருந்து பேராசிரியர்களை அழைத்தார்கள். மேடையில் ஏறினால் அரங்கையே கட்டிப் போடக்கூடிய ஆசிரியர்கள் அவர்கள். ஆனால் இவர்களில் எவரும் இப்படிப் பாடம் நடத்தியதில்லை. பின்பற்ற முன்மாதிரியும் இல்லை. ஆகவே தெரிந்ததைச் செய்தார்கள். சிலர் நீண்ட சொற்பொழிவை எழுதி அனுப்பினார்கள். சிலர் பாட முன்னுரையும் கேள்விப் பட்டியலும் எழுதிவிட்டுக் காத்திருந்தார்கள். விடை வரவில்லை.

அந்தத் திட்டத்தில் பணியாற்றிய மெய்யியலறிஞர் ஆண்ட்ரூ ஃபீன்பெர்க் இந்த அனுபவத்தைப் பின்னால் விரிவாக எழுதியிருக்கிறார். வகுப்பறையிலும் மௌனம் உண்டு. ஆனால் அந்த மௌனத்துக்கு முகம் உண்டு, தலையசைப்பு உண்டு, கொட்டாவியும் உண்டு. கணிப்பொறியில் வரும் மௌனத்துக்கு எந்த அடையாளமும் இல்லை. மாணவர் படித்தாரா? படித்தும் பிடிக்கவில்லையா? வெளியூர் போய்விட்டாரா? அல்லது கம்பிதான் அறுந்து போயிற்றா? எழுதி அனுப்பிய ஆசிரியருக்கு, வெற்றிடத்தில் பேசுவது போன்ற கலக்கம் ஏற்பட்டது. எதிரே இருந்த மாணவருக்கும் அதே கலக்கம். பேராசிரியரின் முழுமையான, குறையில்லாத கட்டுரைக்கு அவர் என்ன பதில் எழுத முடியும்? நன்றாக எழுதப்பட்ட சொற்பொழிவே வாயை அடைத்து விட்டது.

மெல்ல மெல்ல ஒரு புதிய கலை உருவாயிற்று. தொடக்கக் குறிப்பைச் சுருக்கமாக, வேண்டுமென்றே முடிக்காமல் விடுவது. ஒருவரைப் பெயர் சொல்லி அழைத்து, உங்கள் தொழிற்சாலையில் இது எப்படி என்று கேட்பது. எழுதியவருக்கு ஒரு சொல்லாவது உடனே பதில் சொல்வது. எல்லாவற்றிலும் முக்கியமானது பின்னல் குறிப்பு. பத்துப் பதினைந்து பேர் பல நாட்களாக எழுதியவற்றை ஆசிரியர் ஒன்றாகத் திரட்டி, இவர் சொன்னது அவர் சொன்னதோடு இங்கே பொருந்துகிறது, இங்கே முரண்படுகிறது என்று காட்டி, அடுத்த கேள்விக்குக் கொண்டு போவார். இதைச் செய்யத் தெரிந்தவர் கையில் வகுப்பு உயிர் பெற்றது. மேடைப் பேச்சில் வல்லவரே இதிலும் வல்லவர் என்று சொல்ல முடியவில்லை.

வேலை குறைந்ததா? இல்லை. 1980களில் நியூ ஜெர்சியில் ராக்சேன் ஹில்ட்ஸ் என்ற சமூகவியல் பேராசிரியை இத்தகைய வகுப்புகளை ஆராய்ந்தார். தேர்வு மதிப்பெண்களில் பெரிய வேறுபாடு பொதுவாக இல்லை. ஆர்வமுள்ள மாணவர் மிகவும் பயனடைந்தனர். ஆசிரியருக்கு உழைப்பு கூடியது. பிரிட்டனின் திறந்தவெளிப் பல்கலைக் கழகம் 1988இல் ஏறத்தாழ 1300 மாணவர்கள் கொண்ட ஒரு பாடத்தில் கணிப்பொறி உரையாடலைச் சேர்த்தது. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர்தாம் எழுதினர். இன்னொரு பங்கினர் பிறர் எழுதியதைப் படித்ததோடு சரி. எஞ்சியவர்கள் எட்டிப் பார்ப்பதே அரிது. படிப்பவர் பேசாமல் படிக்கிறார் என்பது ஆசிரியருக்கு எப்படித் தெரியும்? லா ஹோயாவின் அதே மௌனம்தான்.

பாடம் யாருடையது?

1990களில் இணையம் பரவியதும் நிலைமை மாறியது. அதுவரை இத்தகைய வகுப்பை நடத்தியவர்கள் விரும்பி வந்த ஆசிரியர்கள். இப்போது நிருவாகங்கள் முன்னே வந்தன. 1997இல் கலிபோர்னியாப் பல்கலைக் கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் கிளை, கலை அறிவியல் பிரிவில் ஒவ்வொரு பாடத்துக்கும் ஓர் இணையப் பக்கம் இருந்தாக வேண்டும் என்று அறிவித்தது. அதே ஆண்டில் கனடாவின் டொரான்டோ நகரில் யார்க் பல்கலைக் கழக ஆசிரியர்கள் 55 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஊதியமும் ஓய்வூதியமும் காரணங்களில் அடங்கும். ஆனால் முடிவில் ஏற்பட்ட ஒப்பந்தத்தில் புதுமையான ஒரு விதி இடம் பெற்றது: ஆசிரியரின் இசைவின்றி அவர் பாடத்தைக் கணிப்பொறிப் பாடமாக மாற்றக் கூடாது.

யார்க்கில் அப்போது டேவிட் நோபிள் என்ற வரலாற்றுப் பேராசிரியர் இருந்தார். தானியங்கிக் கடைசல் பொறிகள் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் எப்படிப் புகுந்தன என்பதை ஆராய்ந்து 1984இல் நூல் எழுதியவர். தேர்ந்த தொழிலாளியின் கைத்திறன் நாடாவில் பதிவாகிறது; பதிவானபின் தொழிலாளி தேவையில்லை. பேராசிரியருக்கும் இதே கதி நேரப் போகிறது என்று அவர் எச்சரித்தார். பாடம் பொறியில் ஏறியவுடன் அது ஆசிரியரிடமிருந்து பிரிந்து சரக்காகி விடுகிறது. சரக்கு கையில் இருந்தால் நிருவாகம் ஆளை ஏன் வைத்திருக்கும்? ஃபீன்பெர்க் இதை மறுத்தார். கணிப்பொறி வகுப்பு என்றால் ஆளில்லாத வகுப்பு என்று யார் சொன்னது, ஆள் இருந்ததனால்தானே லா ஹோயாவில் வகுப்பு நடந்தது என்பது அவர் வாதம். இருவர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. ஃபீன்பெர்க் சொன்னது நடக்கக் கூடியது. நோபிள் சொன்னது நடக்க விரும்பியவர்களைப் பற்றியது.

வேடிக்கையான ஒரு வழக்கும் எழுந்தது. 1999இல் ஹார்வர்டு சட்டப் பள்ளியின் புகழ்பெற்ற பேராசிரியர் ஆர்தர் மில்லர், கான்கார்டு என்ற இணையச் சட்டப் பள்ளிக்காகத் தம் சொற்பொழிவுகளை வீடியோவில் பதிவு செய்து கொடுத்திருந்தார். அனுமதியின்றி வேறு நிறுவனத்தில் கற்பிக்கக் கூடாது என்னும் விதியை மீறிவிட்டார் என்றது ஹார்வர்டு. நான் அங்கே கற்பிக்கவில்லையே என்றார் மில்லர். ஒரு மாணவரையும் அவர் பார்க்கவில்லை; ஒரு கேள்விக்கும் விடை சொல்லவில்லை; கேமராவின் முன் பேசியது எப்படிக் கற்பித்தல் ஆகும்? பணம் கொடுத்து அந்தப் பள்ளியில் சேர்ந்த மாணவர்கள் இந்த வாதத்தைக் கேட்டு என்ன நினைத்திருப்பார்களோ!

இதற்கிடையில் இல்லினாய் பல்கலைக் கழகத்திலேயே, பிளேட்டோ பிறந்த அதே பல்கலைக் கழகத்தில், 16 பேராசிரியர்கள் 1998-99 கல்வியாண்டு முழுவதும் கூடி விவாதித்தார்கள். ஐயம் கொண்டவர்களும் ஆதரவாளர்களும் கலந்தே இருந்தார்கள். அவர்களுடைய அறிக்கை 1999 டிசம்பரில் வந்தது. இணையத்தில் நல்ல கல்வி தரலாம், ஆனால் மாணவர்மேல் தனிக் கவனம் வைக்கும் மனிதத் தொடர்பை ஆசிரியர் முயன்று உண்டாக்க வேண்டும் என்றது அறிக்கை. அதற்கு வகுப்பு சிறியதாக இருக்க வேண்டும். சிறியதாக இருந்தால் செலவு குறையாது. ஆசிரியரே இல்லாத ஒரு பாடத்தில் ஆயிரக் கணக்கானோர் சேர்ந்து படிப்பார்கள் என்னும் கனவு நடைமுறைக்கு ஒவ்வாது என்றும் எழுதினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் நடந்தவை இதை மெய்ப்பித்தன. பிரிட்டன் அரசின் ஆதரவோடு தொடங்கிய இணையப் பல்கலைக் கழகம் சுமார் 5 கோடி பவுன் செலவில் 900 மாணவர்களை மட்டுமே சேர்த்துக் கொண்டு 2004இல் மூடப்பட்டது. கொலம்பியாப் பல்கலைக் கழகத்தின் ஃபேதம் என்ற நிறுவனம் 2003லேயே முடிந்தது.

விற்காமல் சும்மா கொடுத்தால்? மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 2001இல் அதைத்தான் அறிவித்தது: எங்கள் பாடக் குறிப்புகளை உலகில் யாரும் இலவசமாக எடுத்துக் கொள்ளலாம். ஆசிரியர் விரும்பினால் கொடுக்கலாம், கட்டாயமில்லை. நம் நாட்டில் 2003இல் ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து என்.பி.டெல் திட்டத்தைத் தொடங்கின, சென்னை ஐ.ஐ.டி. அதில் முன்னின்றது. நல்ல ஆசிரியர் கிடைக்காத பொறியியல் கல்லூரிகளுக்குப் பாடம் போய்ச் சேர வேண்டும் என்பது நோக்கம். திருநெல்வேலிப் பக்கத்து மாணவர் ஒருவர், தாம் என்றுமே நேரில் காணப் போகாத பேராசிரியரின் பாடத்தை நிறுத்தி நிறுத்தி மூன்று முறை கேட்கலாம். இங்கே ஆசிரியருக்குச் சரக்காகி விடுவோம் என்ற அச்சம் அதிகம் எழவில்லை. கொடுத்தவர் தாமே கொடுத்தார்.

ஒரு இலட்சத்து அறுபதாயிரம் பேர்

2011இல், நடைமுறைக்கு ஒவ்வாது என்று சொன்னது நடந்தே விட்டது போலத் தோன்றியது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக் கழகத்தில் செபாஸ்டியன் த்ரூன், பீட்டர் நார்விக் என்ற இருவர் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தை இணையத்தில் எல்லாருக்கும் திறந்து விட்டார்கள். 1,60,000 பேர் சேர்ந்தார்கள். தாளில் எழுதும் கையை மட்டும் காட்டும் சிறுசிறு வீடியோக்கள், நடுநடுவே கேள்விகள். முடித்தவர்கள் சுமார் 23,000 பேர். இது ஏழில் ஒரு பங்குதான் என்றாலும், ஒரு பேராசிரியர் வாழ்நாள் முழுவதும் வகுப்பில் காணும் மாணவர்களைவிட அதிகம். இன்னொரு புதுமை: ஸ்டான்ஃபோர்டின் நேர் வகுப்பில் இருந்த 200 பேரில் கடைசியில் 30 பேர்தாம் அறைக்கு வந்தார்கள். மற்றவர்களும் வீடியோவையே விரும்பினார்கள். முகத்தைக் காண வேண்டும் என்பது ஆசிரியரின் தேவையா, மாணவரின் தேவையா என்று இங்கே ஐயம் எழுகிறதல்லவா?

விடை 2013இல் ஒரு பகுதி கிடைத்தது. த்ரூன் தொடங்கிய உடாசிட்டி நிறுவனம், கலிபோர்னியாவின் சான் ஹோசே மாநிலப் பல்கலைக் கழகத்துடன் சேர்ந்து தொடக்கக் கணிதப் பாடங்களை நடத்தியது. தேர்ச்சி விகிதம் வகுப்பறையைவிடத் தாழ்ந்ததால் சில மாதங்களில் அதை நிறுத்தி வைத்தார்கள். ஸ்டான்ஃபோர்டு மாணவர் தாமே படிக்கப் பழகியவர். கணக்கில் ஏற்கெனவே தோற்றவருக்குத்தான் புருவத்தைப் பார்க்கும் ஆசிரியர் தேவைப்பட்டார். தங்கள் பாடங்கள் தரமாக இல்லை என்று த்ரூனே அவ்வாண்டு ஒப்புக்கொண்டார்.

அதே பல்கலைக் கழகத்தின் மெய்யியல் துறையினரிடம், ஹார்வர்டு பேராசிரியர் மைக்கேல் சாண்டலின் நீதி பற்றிய வீடியோப் பாடத்தைப் பயன்படுத்துமாறு கேட்டார்கள். அவர்கள் மறுத்து, 2013 ஏப்ரலில் சாண்டலுக்கே ஒரு திறந்த மடல் எழுதினார்கள். பணமுள்ள பல்கலைக் கழகத்தில் பேராசிரியர், பணமில்லாத பல்கலைக் கழகத்தில் பேராசிரியரின் படம். நாட்டின் பல மூலைகளிலும் ஒரே பேச்சு. எங்கள் மாணவருக்கு முன் நாங்கள் வெறும் உதவியாளர்கள். இது நீதியா என்று, நீதியைப் பற்றிப் பாடம் நடத்தியவரிடமே கேட்டார்கள். தம் பாடம் பிற ஆசிரியரின் இடத்தைப் பறிக்கப் பயன்படுவதைத் தாம் விரும்பவில்லை என்று சாண்டல் பதில் சொன்னார். பிரின்ஸ்டன் சமூகவியல் பேராசிரியர் மிட்செல் டுனையர் அவ்வாண்டே, தம் இணையப் பாடத்தை வேறு கல்லூரிகளுக்கு உரிமம் தரப் பார்க்கிறார்கள் என்று அறிந்து, அதைத் தொடர மறுத்தார்.

கறுப்புக் கட்டங்கள்

2020 மார்ச்சில் விவாதிக்க நேரமில்லை. விரும்பியவரும் வெறுத்தவரும் ஒருங்கே திரையின் முன் அமர்ந்தார்கள். இதை இணையக் கல்வி என்று அழைத்து, அதனோடு ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள், இது நெருக்கடிக் காலத் தொலைநிலைக் கற்பித்தல் என்று சில அமெரிக்கக் கல்வியறிஞர்கள் அந்த மாதமே எச்சரித்தார்கள். நியாயமான எச்சரிக்கை. திட்டமிட்ட இணையப் பாடத்துக்கு மாதக் கணக்கில் தயாரிப்பு வேண்டும்; இவர்களுக்குக் கிடைத்தது சில நாட்கள்.

ஆசிரியர்கள் கண்டது என்ன? மாணவர்களின் இடத்தில் பெயர் எழுதிய கறுப்புக் கட்டங்கள். நம் ஊரில் மாணவர் கேமராவை அணைத்ததற்குச் சோம்பல் மட்டும் காரணமன்று. ஒரு நாளைக்கு இத்தனை ஜி.பி. என்று அளந்து தரும் இணைப்பில் வீடியோவைத் திறந்தால் இரண்டாம் வகுப்பு முடிவதற்குள் தீர்ந்துவிடும். ஒரே அறையில் தம்பியும் பாட்டியும் இருக்கும் வீட்டைக் காட்டக் கூச்சம். அப்பாவின் கைப்பேசி அவர் வேலைக்குப் போகும்போது கூடவே போய்விடும். மலையூர்களில் சிக்னல் தேடிப் பாறைமேல் ஏறி உட்கார்ந்தவர்களும் உண்டு. இதை அறியாத ஆசிரியர், கட்டத்தின் பின்னால் யாருமில்லை என்று எண்ணிக் கோபித்துக் கொண்டார். அறிந்தவர் வகுப்பு முடிந்தபின் வாட்ஸப்பில் ஒவ்வொருவராக விசாரித்தார்.

எதிர்பாராத நன்மையும் இருந்தது. வகுப்பில் வாய் திறக்காத மாணவி, எழுத்துப் பெட்டியில் கேள்வி தட்டி அனுப்பினாள். அவளுக்கு இருந்த தடை கற்பதில் அன்று, நாற்பது பேர் திரும்பிப் பார்ப்பார்களே என்பதில். பதிவு செய்த பாடத்தை மாணவர் இரவில் மீண்டும் கேட்டார்கள். கல்லூரி திறந்தபிறகும் இந்த இரண்டையும் விடாமல் வைத்துக் கொண்ட ஆசிரியர்கள் பலர். வெறும் திரையிலேயே தொடரலாம் என்றால் மட்டும் தலையசைக்க மாட்டார்கள்.

பாடம் யாருடையது என்ற பழைய கேள்வியும் இக்காலத்தில் திரும்பி வந்தது. 2021 ஜனவரியில் கனடாவின் மான்ட்ரியல் நகரில் கான்கார்டியாப் பல்கலைக் கழக மாணவர் ஒருவர், கனடா நாட்டு ஓவியக் கலை பற்றிய இணையப் பாடத்தைக் கேட்டுக் கொண்டிருந்தார். வீடியோவில் முதிய பேராசிரியர் ஃபிரான்சுவா-மார்க் காக்னன் சுவையாகப் பேசினார். அவருக்கு மடல் எழுத விரும்பிய மாணவர், முகவரி தேடியபோது இரங்கற் செய்தியைக் கண்டார். காக்னன் 2019 மார்ச்சிலேயே காலமாகி விட்டிருந்தார். பல்கலைக் கழகம் பாடத்தை ஒளிவு மறைவாக நடத்தவில்லை. மாணவர்களின் ஐயங்களைத் தீர்க்கவும் தாள்களைத் திருத்தவும் வேறோர் ஆசிரியரும் உதவியாளர்களும் இருந்தார்கள். ஆனால் அந்த மாணவர் தம் ஆசிரியர் என்று நினைத்து எழுத உட்கார்ந்தது திரையில் பேசிய காக்னனுக்கு.